கரண்ட் கம்பெனிக்கு ஓட்டுப் போட முடியுமா?

இந்த எபிசோட்ல நான் பேசப்போறது ஒரு விநோதமான அரசாங்கத்தைப் பத்தி. அதுக்கு போலீஸ் கிடையாது, ராணுவம் கிடையாது, கொடி கிடையாது. ஒரே ஒரு வேலைதான். ஊருக்குத் தண்ணி கொடுக்கணும், இல்லன்னா கரண்ட் கொடுக்கணும். ஆனா அதுக்கு வரி போடுற அதிகாரம் உண்டு. ஊர் பேர்ல கடன் பத்திரம் வெளியிட்டு, அதாவது பாண்ட் போட்டு, கோடிக்கணக்கில் பணம் திரட்டவும் முடியும். அதை நடத்துறவங்களை மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம். சில இடங்களில் மக்களுக்கு ஓட்டே கிடையாது. அதையும் சொல்றேன்.

அமெரிக்காவுல இதுக்குப் பேர் ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்ட். டிஸ்ட்ரிக்ட்னு சொன்னதும் கலெக்டர் ஆபீஸ் ஞாபகம் வரும். இது அது இல்ல. ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் எல்லை வரைஞ்சு உருவாக்குற குட்டி அமைப்பு. அந்த எல்லைக்குள்ள ரெண்டு மூணு நகரங்கள் இருக்கலாம், அரை நகரமும் இருக்கலாம், வெறும் பொட்டல் காடாகவும் இருக்கலாம். அங்கே இப்படி 39,000-க்கும் மேல இருக்கு. எண்ணிக்கையில் பார்த்தா நகராட்சிகளைவிட அதிகம்.

இதை ஏன் நம்ம பாட்காஸ்ட்ல பேசணும்? நம்ம எல்லாருமே குடிதண்ணிக்கும் கரண்டுக்கும் மாசாமாசம் பணம் கட்டுறோம். அந்தப் பணத்தை யார் முடிவு பண்றாங்க, யார் பேர்ல கடன் வாங்குறாங்கன்னு நாம கேட்கிறதே இல்ல. அந்தக் கேள்வியை ஒரு ஊர் கேட்டா என்ன ஆகும்னு பார்க்க, நூறு வருஷக் கதை ஒண்ணு அமெரிக்காவுல இருக்கு.

முதல்ல கலிஃபோர்னியா. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குக் கிழக்குக் கரையில ஓக்லாண்ட், பெர்க்லி மாதிரி நகரங்கள். 1920-கள்ல அங்கே தண்ணி சப்ளை ஒரு தனியார் கம்பெனி கையில். ஜனத்தொகை ஏறிக்கிட்டே போகுது, உள்ளூர் ஏரியும் கிணறும் போதல. தூரத்து மலையிலிருந்து தண்ணி கொண்டு வரணும். அதுக்கு அணை கட்டணும், நீளமா குழாய் போடணும். ஒரு நகராட்சியால தனியா முடியாது. தனியார் கம்பெனி அவ்வளவு பணத்தை இறக்கத் தயாரா இல்ல.

1921-ல கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டு வந்தது. முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் சட்டம். சுருக்கமா 'மட்'. ஆமா, சேறுங்கிற அதே உச்சரிப்புதான். பல ஊர் மக்கள் சேர்ந்து ஓட்டுப் போட்டு ஒரு 'மட்'டை உருவாக்கலாம். அது வரி போடலாம், வாக்காளர் சம்மதத்தோட கடன் பத்திரம் வெளியிடலாம். 1923 மே மாசம் கிழக்குக் கரை மக்கள் ஓட்டுப் போட்டு ஈஸ்ட் பே மட்டை உருவாக்கினாங்க. முன்னாள் கவர்னர் ஜார்ஜ் பார்டிதான் அதுக்கு முதல் தலைவர். அதே வருஷம் செப்டம்பர்ல பெர்க்லியில காட்டுத்தீ ஊருக்குள்ள இறங்கி ஏறக்குறைய 600 வீடுகளை எரிச்சுட்டுப் போச்சு. அணைக்கப் போனவங்களுக்குக் குழாயில போதுமான தண்ணி இல்ல.

அடுத்த வருஷம், 1924 நவம்பர்ல, மக்கள் இன்னொரு தடவை ஓட்டுப் போட்டாங்க. இந்தத் தடவை கடனுக்கு. 3.9 கோடி டாலர். 1929-ல சியரா நெவாடா மலையடிவாரத்துல மொகலம்னி ஆத்துக்குக் குறுக்கே பார்டி அணை முடிஞ்சது. அங்கிருந்து 90 மைல் தூரம் குழாய்ல வந்து, அந்த ஜூன் மாசம் தண்ணி ஊருக்குள்ள நுழைஞ்சது. இடையில பழைய தனியார் கம்பெனியையும் 'மட்' விலைக்கு வாங்கிடுச்சு.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, வரியும் கடனும் ஏன் சேர்ந்தே வரணும்னு சொல்லிடறேன். அணை கட்டி முடிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூட விற்க முடியாது. அஞ்சு வருஷம் செலவு மட்டும்தான். அந்த அஞ்சு வருஷத்துக்குப் பணம் யார் கொடுப்பா? கடன் கொடுக்கிறவன் ஒரு கேள்வி கேட்பான்: "நாளைக்கு வருமானம் வரலன்னா எனக்கு யார் பொறுப்பு?" அதுக்கு டிஸ்ட்ரிக்ட் சொல்ற பதில்: "இந்த எல்லைக்குள்ள இருக்கிற ஒவ்வொரு வீடும் மனையும் பொறுப்பு. தேவைப்பட்டா வரி போட்டு உனக்குத் திருப்பித் தருவேன்." அந்த வாக்குறுதி இருக்கிறதாலதான் குறைஞ்ச வட்டிக்குப் பணம் கிடைக்குது. அந்த வட்டிக்கு வருமான வரி விலக்கும் உண்டுங்கிறதால இன்னும் மலிவு. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வெச்சுக் கடன் வாங்குற மாதிரிதான். இங்கே அடமானம் வைக்கிறது மொத்த ஊரோட வருங்கால வரியை.

அப்போ அந்தக் கையெழுத்தை யார் போடுறாங்கங்கிறது எவ்வளவு முக்கியம் பாருங்க. இன்னைக்கு நான் சொல்ல வர்றது மொத்தமும் இந்த ஒரு விஷயம்தான். கடனை முடிவு பண்றவங்களும், கடனைக் கட்டுறவங்களும், ஆளை மாத்துற உரிமை இருக்கிறவங்களும் ஒரே ஆட்களா?

ஒரே ஆட்களா இருந்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு சாக்ரமெண்டோ நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவோட தலைநகரம். அங்கேயும் அதே 1923-ல, ஜூலை மாசம், மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு 'மட்' உருவாக்கினாங்க. பேர் ஸ்மட். நோக்கம் கரண்ட். அப்போ கரண்ட் விநியோகம் பி.ஜி. அண்ட் ஈ. என்ற பெரிய தனியார் கம்பெனி கையில். ஊரே ஓட்டுப் போட்டாச்சு, மறுமாசமே கரண்ட் நம்ம கையிலன்னு நினைச்சீங்கன்னா, இல்ல. கம்பெனியோட கம்பி, கம்பம், துணை மின் நிலையம் எல்லாத்தையும் வாங்கப் பணம் வேணும். 1.2 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் சம்மதம் கிடைச்சது 1934-ல. அதுக்கப்புறம் கோர்ட் கேஸ். கேஸ் மேல கேஸ். கடைசியில ஸ்மட் முதல் முதலா வீடுகளுக்குக் கரண்ட் கொடுத்த நாள், 1946 டிசம்பர் 31.

ஓட்டுப் போட்டு 23 வருஷம். அன்னைக்கு ஓட்டுப் போட்ட இளைஞனுக்கு, ஸ்விட்ச் போடும்போது தலை நரைச்சிருக்கும்.

ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கப்புறம் வருது. ஸ்மட் வளர்ந்தது. 1970-கள்ல ராஞ்சோ செக்கோன்னு ஒரு அணுமின் நிலையம் கட்டினாங்க. 1975-ல உற்பத்தி ஆரம்பம். அடிக்கடி கோளாறு. 1985 டிசம்பர்ல கட்டுப்பாட்டு அமைப்புக்கு மின்சாரம் போய், உலை திடீர்னு மிதமிஞ்சிக் குளிர்ந்துடுச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கும் மேல மூடியே கிடந்தது. கரண்ட் உற்பத்தி இல்ல, செலவு மட்டும் ஓடுது, கட்டணம் ஏறுது.

ஒரு தனியார் கம்பெனியா இருந்தா நீங்களும் நானும் திட்டிக்கிட்டே பில்லைக் கட்டியிருப்போம். இங்கே என்ன பண்ணாங்க தெரியுமா? தேர்தல் வெச்சாங்க. 1989 ஜூன் 6. கேள்வி, இந்த உலை ஓடணுமா வேண்டாமா. வேண்டாம்னு 53 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. மறுநாளே மூட ஆரம்பிச்சாங்க. மக்கள் ஓட்டுப் போட்டு மூடின முதல் அணுமின் நிலையம் அது.

கவனிங்க, மூடினதால கடன் மறையல. கட்டின செலவையும் கலைக்கிற செலவையும் அதே மக்கள்தான் தங்களோட பில்லில் வருஷக்கணக்காகக் கட்டினாங்க. தெரிஞ்சேதான் ஓட்டுப் போட்டாங்க. அணுமின் சரியா தப்பாங்கிறது தனி விவாதம். நான் சொல்றது முடிவு எடுத்த விதத்தை. பில் கட்டுறவனுக்கே "மூடு"ன்னு சொல்ற உரிமையும் இருந்தது. அதுக்கப்புறம் ஸ்மட் வேற வழியில போச்சு. மின் சிக்கனத்துக்குப் பணம் கொடுத்தது, வீட்டுக்கு நிழல் விழுந்தா ஏசி குறையும்னு லட்சக்கணக்குல மரக்கன்னு இலவசமா கொடுத்தது. இன்னைக்கும் பக்கத்துல இருக்கிற பி.ஜி. அண்ட் ஈ. வாடிக்கையாளரைவிட ஸ்மட் வாடிக்கையாளர் கட்டுற கட்டணம் கணிசமா குறைவு. ஏழு வார்டுகள்ல இருந்து ஏழு இயக்குநர்களை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறாங்க.

சரி, இது நல்ல கதை. இப்போ அதே கருவி வேற கையில போனா என்ன ஆகும்னு பார்ப்போம்.

அதே கலிஃபோர்னியாவுல துலாரி ஏரிப் படுகைன்னு ஒரு பெரிய விவசாயப் பகுதி. அங்கே தண்ணி சேமிப்புக்கு ஒரு டிஸ்ட்ரிக்ட். 1,93,000 ஏக்கர். உள்ளே வசிச்சவங்க 77 பேர். ஓட்டு ஆளுக்கு ஒண்ணு இல்ல, நிலத்தோட மதிப்புக்கு ஏத்த மாதிரி. நிலம் இருந்தா எங்கே வசிச்சாலும் ஓட்டு, நிலம் இல்லன்னா அங்கேயே வசிச்சாலும் ஓட்டு கிடையாது. நாலு கம்பெனிகள்கிட்ட ஏறக்குறைய 85 சதவீத நிலம். அதுல ஒரு கம்பெனிக்கு மட்டுமே நிர்வாகக் குழுவுல பெரும்பான்மையைத் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு ஓட்டு.

இது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 1973-ல தீர்ப்பு வந்தது, செல்லும்னு. இது பொதுவான அரசு இல்ல, குறுகின வேலை செய்யிற அமைப்பு, செலவும் நிலச்சொந்தக்காரர்கள் தலையிலதான், அதனால ஓட்டையும் அவங்களுக்கு மட்டும் கொடுக்கலாம்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க. நீதிபதி டக்ளஸ் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். 1969 வெள்ளத்தின்போது தண்ணியைப் பக்கத்துல இருந்த ஒரு வறண்ட ஏரிப்படுகைக்குத் திருப்பி விட்டிருக்கலாம், ஆனா அங்கே அந்தப் பெரிய கம்பெனி குத்தகைக்குப் பயிர் வெச்சிருந்தது, அதனால குழு அந்த யோசனையைக் கிடப்பில் போட்டதுன்னு அவர் எடுத்துக்காட்டினார். வரியை மட்டும் பார்த்தா பெரும்பான்மைத் தீர்ப்பில் நியாயம் இருக்கு. ஆனா வெள்ளம் வந்தா அது நிலப் பத்திரம் யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டு வர்றதில்ல.

இன்னொரு உதாரணம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம். ஃபுளோரிடாவுல டிஸ்னி வேர்ல்ட். 1967-ல அந்த மாநிலம் டிஸ்னிக்காக ரீடி க்ரீக்னு ஒரு டிஸ்ட்ரிக்ட்டை உருவாக்கிக் கொடுத்தது. சுமார் 25,000 ஏக்கர். சாலை, சாக்கடை, கரண்ட், தீயணைப்பு எல்லாம் அதுவே பார்த்துக்கும். சட்டத்துல அணுமின் நிலையம் கட்டுற உரிமைகூட இருந்தது. ஓட்டு ஏக்கருக்கு ஒண்ணு. பெரும்பாலான ஏக்கர் டிஸ்னியோடது. வால்ட் டிஸ்னி அங்கே 20,000 பேர் வாழுற ஒரு எதிர்கால நகரம் வரும்னு சொல்லியிருந்தார். அவர் 1966 டிசம்பர்ல இறந்துட்டார். அந்த நகரம் வரவே இல்ல. ஜனங்க குடி வந்திருந்தா அவங்க ஓட்டு கேட்டிருப்பாங்க, இல்லையா?

2022-ல கவர்னர் ரான் டிசாண்டிஸுக்கும் டிஸ்னிக்கும் வேறொரு விஷயத்துல மோதல். மாநிலம் இந்த டிஸ்ட்ரிக்ட்டையே கலைக்கிறேன்னு சட்டம் போட்டது. உடனே ஒரு கேள்வி எழுந்தது. டிஸ்ட்ரிக்ட் பேர்ல சுமார் 100 கோடி டாலர் கடன் இருக்கே, அதை யார் கட்டுவா? கலைச்சா அது பக்கத்து கவுண்டி மக்கள் தலையில விழும். டிஸ்னி சாலைக்கு, அங்கே டிக்கெட் வாங்க வசதி இல்லாத குடும்பம்கூட வரி கட்ட வேண்டிய நிலை. கடைசியில 2023-ல டிஸ்ட்ரிக்ட்டை வெச்சுக்கிட்டு, பேரை மாத்தி, நிர்வாகக் குழுவை கவர்னரே நியமிக்கிற மாதிரி சட்டம் மாறிச்சு. முன்னாடி நிலச்சொந்தக்காரர் ஓட்டு, இப்போ கவர்னர் நியமனம். நடுவுல ஒரு சாதாரண வாக்காளருக்கு இடமே வரல.

இப்போ டெக்சஸுக்கு வருவோம். இங்கே நம்ம ஆட்களும் வர்றாங்க. என் சித்தப்பா பையன் ஹூஸ்டனுக்கு வெளியே கேட்டி பக்கத்துல புது வீடு பார்த்துக்கிட்டிருந்தான். ஃபோன் பண்ணி, "அண்ணா, இங்க பிராப்பர்ட்டி டாக்ஸ்ல மட் டாக்ஸ்னு ஒண்ணு தனியா போட்டிருக்கான், என்ன இது?"ன்னு கேட்டான். நான் இந்த விஷயத்தைத் தோண்ட ஆரம்பிச்சதே அதனாலதான்.

அங்கே நடைமுறை இப்படி. நகர எல்லைக்கு வெளியே ஒரு பில்டர் புல்வெளியை வாங்குறார். நகராட்சிக் குழாய் அங்கே வராது. அவர் மாநிலத்துக்கிட்ட விண்ணப்பம் போட்டு ஒரு 'மட்' உருவாக்குறார். உருவானதை உறுதி பண்ணவும் கடன் பத்திரத்துக்கு அனுமதி வாங்கவும் சட்டப்படி தேர்தல் வேணும். ஆனா புல்வெளியில யார் இருக்கா? யாராவது ரெண்டு மூணு பேரை ஒரு டிரெய்லர் வீட்டுல குடி வெச்சு, அவங்க ஓட்டுலயே பல கோடி டாலர் கடனுக்கு அனுமதி வாங்கின கதைகள் டெக்சஸ்ல பிரசித்தம். பில்டர் போட்ட குடிநீர்க் குழாய், சாக்கடை, மழைநீர் வடிகால் செலவை அந்தக் கடன்லேர்ந்து அவருக்குத் திருப்பித் தருவாங்க. கடனைக் கட்டுறது பின்னாடி வீடு வாங்கி வர்றவங்க. புது ஊர்ல இந்த வரி 100 டாலர் மதிப்புக்கு ஒரு டாலர், ஒன்றரை டாலர்னு இருக்கிறது சகஜம். 3,00,000 டாலர் வீடுன்னா வருஷத்துக்கு 3,000 முதல் 4,500 டாலர். கவுண்டி வரி, பள்ளிக்கூட வரி எல்லாம் இதுக்கு மேல.

இதை ஏமாத்து வேலைன்னு ஒதுக்கிட முடியாது. இந்த ஏற்பாடு இல்லன்னா அந்தக் குழாய்ச் செலவு வீட்டு விலையிலேயே ஏறியிருக்கும், பல பேரால வாங்கவே முடிஞ்சிருக்காது. வீடுகள் கூடக்கூட வரி விகிதம் குறையவும் செய்யும். விற்கிறவர் இந்த வரியைப் பத்தி முன்கூட்டியே எழுத்துல சொல்லணும்னு சட்டமும் இருக்கு. ஜனங்க குடி வந்ததும் அஞ்சு இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிற உரிமை அவங்களுக்கு வந்துடும்.

தம்பிகிட்ட நான் சொன்னதும் அதுதான். "வாங்கு. ஆனா அனுமதி வாங்கின கடன்ல இன்னும் எவ்வளவு பாக்கி வெளியிடாம வெச்சிருக்காங்கன்னு கேளு. அடுத்த இயக்குநர் தேர்தல் எப்போன்னு கேளு." அவன் சிரிச்சான். அங்கே பல 'மட்'கள்ல போட்டி போட ஆளே வர்றதில்ல. போட்டி இல்லன்னா தேர்தலை ரத்து பண்ண சட்டம் அனுமதிக்குது. உரிமை இருக்கு, எடுத்துக்க ஆள் இல்ல. அவன் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறவன் வேற. வரி கட்டலாம், ஓட்டுப் போட முடியாது. அதை அவன் சொன்னப்போ எனக்கும் பதில் இல்ல.

கடைசியா ஒரு கதை. ஓட்டு இருந்தாலே போதும்னு நீங்க நினைச்சுடக் கூடாது. அமெரிக்காவோட வடமேற்குல வாஷிங்டன் மாநிலம். அங்கே 1930-லேயே விவசாயிகள் சங்கம் முன்னால நின்னு, மக்கள் ஓட்டு மூலமா பொது மின் டிஸ்ட்ரிக்ட் சட்டத்தைக் கொண்டு வந்தாங்க. கிராமத்துக்குக் கரண்ட் கொண்டு போனதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு. 1957-ல அப்படிப்பட்ட டிஸ்ட்ரிக்ட்கள் பல சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கினாங்க. அது 1970-கள்ல ஒரே நேரத்துல அஞ்சு அணு உலை கட்ட இறங்கிச்சு. செலவு மதிப்பீடு 400 கோடி டாலர்னு ஆரம்பிச்சு 2,400 கோடி டாலரை நெருங்கிச்சு.

நாலாவது, அஞ்சாவது உலைகளுக்கு 88 மின் அமைப்புகள் கையெழுத்துப் போட்டிருந்தன. ஒப்பந்தம் என்னன்னா, கரண்ட் வந்தாலும் வராட்டியும் பணம் கட்டணும். 1982 ஜனவரியில அந்த ரெண்டு உலைகளையும் பாதியில கைவிட்டாங்க. மக்கள் கொதிச்சாங்க. 1983 ஜூன்ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது: இப்படி ஒரு ஒப்பந்தம் போட இந்த ஊர்களுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்ல. ஒப்பந்தம் செல்லாது. அடுத்த மாசம் 225 கோடி டாலர் கடன் திவாலாச்சு. அதுவரைக்கும் அமெரிக்க உள்ளாட்சிக் கடன் வரலாற்றுல அவ்வளவு பெரிய திவால் நடந்ததில்ல. பத்திரம் வாங்கினவங்கள்ல ஓய்வூதியச் சேமிப்பைப் போட்டவங்களும் இருந்தாங்க. அஞ்சு உலைகள்ல முடிஞ்சது ஒண்ணே ஒண்ணு.

இதுல ஒவ்வொரு உள்ளூர் டிஸ்ட்ரிக்ட்டும் மக்கள் தேர்ந்தெடுத்ததுதான். ஆனா கடன் வாங்கினது மேலே இருந்த கூட்டு அமைப்பு. அந்தக் கடனுக்கு மக்கள்கிட்ட தனியா சம்மதம் கேட்கல. கையெழுத்து ஒரு மாடி மேல போயிடுச்சு, கண்ணுல இருந்து மறைஞ்சுடுச்சு. ஈஸ்ட் பேயில 1924-ல மக்கள்கிட்ட வந்து "இவ்வளவு கடன், சம்மதமா?"ன்னு கேட்டாங்களே, அந்தக் கேள்வி இங்கே எங்கேயும் வரல.

இப்போ நம்ம ஊர். சென்னையில இருக்கிறவங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியம், 1978 சட்டப்படி உருவானது. அதுக்கு முன்னாடி தண்ணி மாநகராட்சி வேலையா இருந்தது. வாரியம் உங்க வீட்டுக்குக் குடிநீர், கழிவுநீர் வரி போடுது, அரையாண்டுக்கு ஒரு தடவை. அதுக்கும் வரி அதிகாரம் இருக்கு, அதுவும் கடன் வாங்குது. ஆனா வாரியத்துல இருக்கிற யாரையும் நீங்க அந்தப் பதவிக்குன்னு ஓட்டுப் போட்டு அனுப்பல. அமைச்சர் தலைவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி மேலாண்மை இயக்குநர். உங்க கோபம் அங்கே போய்ச் சேரணும்னா சட்டமன்றத் தேர்தல் வழியா சுத்திப் போகணும். அந்தத் தேர்தல்ல தண்ணி நூறு விஷயத்துல ஒண்ணு.

அமெரிக்க முறையை அப்படியே இங்கே கொண்டு வரணும்னு நான் சொல்லல. சாக்ரமெண்டோவும் டிஸ்னியும் ஒரே கருவியைத்தான் பயன்படுத்தினாங்கன்னு இப்போதான் பார்த்தோம். நான் கேட்கிறது ரொம்பச் சின்ன விஷயம். உங்க அடுத்த வரி ரசீது வரும்போது கட்டிட்டுத் தூக்கிப் போடாதீங்க. இந்தப் பணத்துல எவ்வளவு பழைய கடனுக்குப் போகுது, அந்தக் கடனை யார் முடிவு பண்ணாங்க, அவங்களை நான் எந்த வழியில கேள்வி கேட்க முடியும்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. தகவல் உரிமைச் சட்டத்துல மனு போட விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்தான்.

பதில் கிடைச்சா எங்களுக்கு அனுப்புங்க. கிடைக்கலன்னாலும் அனுப்புங்க, அதுவும் ஒரு தகவல்தான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.